நாவற்கொட்டையும் பாப்பம்மாள் அக்காவும்

ஒரு பொருளைக் கெடாமல் காயவைப்பதில் பாப்பம்மாள் அக்காவுக்கு நிகராக மைசூர் தேவராஜ மொஹல்லாப் பேட்டையில் யாரும் இல்லை. இதை மனதார ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. என் ஜூஸ் கடையும் அவளுடைய நாட்டுமருந்துக் கடையும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் ஒரு தகரம்தான். என் பக்கம் எந்நேரமும் ஈரமும் ஈயும். அவள் பக்கம் சுக்கு, கடுக்காய், நெல்லி வற்றல், வேப்பங்கொட்டை என்று எல்லாமே உலர்ந்த சரக்கு. நான் தரையைக் கழுவினால் போதும், தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துவிடும்.

"சுப்பையா, உன்ற கடைத் தண்ணி என்ற சுக்கு மூட்டைக்கு வந்துச்சு, அப்புறம் நடக்கறதே வேற!"

அவள் ஹனூர் பக்கம் மார்டள்ளி என்ற ஊர்க்காரி. மக்காச்சோளமும் ராகியும் போடுகிற குடும்பம். விதை ராகியை உள்ளங்கையில் அள்ளிக் குலுக்கினால் சலசலக்க வேண்டும், விதைச் சோளத்தைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். இல்லையென்றால் இன்னும் நாலு வெயில் காட்டு என்பார்களாம் அந்த வீட்டில். கொத்தனார் வேலை செய்யும் கரியப்பன் மாமாவைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தபோது அவள் கொண்டு வந்த சீர்வரிசையில் உருப்படியானது இந்த வித்தைதான் என்று மாமாவே சொல்வார். ரிங் ரோட்டைத் தாண்டி எங்கள் லேஅவுட்டில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அடுத்த தெருவில் நான்.

அக்காவின் கடையில் ஓடுகிற சரக்கு நாவற்கொட்டைப் பொடி. மைசூரில் சர்க்கரை வியாதி இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் வியாபாரத்துக்குக் குறையில்லை. ஆனி, ஆடியில் நாவல் பழம் வந்து குவியும். நான் ஜூஸ் பிழிந்துவிட்டு எறிகிற கொட்டையெல்லாம் அவள் வீட்டு மொட்டை மாடிக்குப் போகும். அங்கே காய்ந்து, பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கப்பட்டு, மாவு மில்லுக்குப் போய்ப் பொடியாகத் திரும்பி வரும்.

இப்படி இருந்த பிழைப்பில் மண் விழுந்தது. எங்கள் கடைகள் இருந்த கட்டடத்தை இடிக்கப் போவதாகவும் தசராவுக்குள் காலி செய்யவேண்டும் என்றும் உரிமையாளர் சொல்லிவிட்டார். எனக்குப் பின் சந்தில் ஒரு இடம் அமைந்தது. அக்காவுக்கு அமையவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஏற்கெனவே ஆள் பிடித்து வைத்திருந்தார்கள், இல்லையென்றால் கட்டுப்படியாகாத வாடகை சொன்னார்கள். மாமாவுக்கு முட்டி தேய்ந்து சாரம் ஏற முடியாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. கடை போனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்கே கவலையாக இருந்தது. அக்கா மட்டும் வழக்கம்போல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கெம்பம்மா மேடம் ஒரு காரியம் சொன்னார். தபால் துறையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் லேஅவுட் சங்கத்தின் செயலாளர். சிரித்தால் நாட்டுக்குக் கேடு என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருக்க வேண்டும். லேஅவுட் ஏரிக்கரையில் சங்கம் ஒரு ஷெட் கட்டி, நிழல்வலை போட்டு, தண்ணீர்க் குழாயும் இழுத்துவிட்டிருந்தது. அங்கே நாற்றங்கால் நடத்த ஒரு ஆள் தேவை. ஏரிக்குக் கன்று வளர்த்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய வருடம் லாரியில் வந்து இறங்கிய கன்றுகள் முழுக்கக் கோடையில் கருகிப்போனதால் மேடத்துக்கு வெளிக் கன்று என்றாலே ஆகாது. ஏரியைச் சுற்றி நாவல் வரிசை வேண்டும், அதுவும் இங்கேயே விதை போட்டு வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்றார். தசராவுக்குள் முந்நூறு நாவல் நாற்று உயிரோடு காட்டுகிறவருக்கு ஷெட். இதுதான் நிபந்தனை.

சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றாள்.

"நாவக்கொட்டைங்களா? எங்கிட்டயாங் கேக்கறீங்க? இருவது வருசமா நாவக்கொட்டையிலதானுங்க மேடம் குடும்பம் நடத்தறேன். முந்நூறென்ன, மூவாயிரம் தாரேன்."

"நோடோணா," என்றார் கெம்பம்மா. பார்ப்போம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லிலேயே அவருடைய அவநம்பிக்கை அத்தனையும் தெரிந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் அக்காவை நான் சொல்லலாம், அடுத்தவர் சொல்லக் கூடாது.

அந்த ஆனியில் வந்த முதல் கொட்டைகளை அக்கா தனியாக எடுத்து வைத்தாள். அழுகல் இல்லாமல் பொறுக்கி, தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் பரப்பி, மழை வருகிற போதெல்லாம் ஓடி ஓடி அள்ளி, பிள்ளைப்பேறு பார்ப்பது போலப் பார்த்தாள். கடைசியில் ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தாள். டக்கென்று உடைந்தது. "இதுதான் வெதை," என்றாள். நாற்றுப் பைகளில் செம்மண்ணும் எருவும் நிரப்பி ஊன்றினாள். வாசல், சந்து, மாடிப்படி எங்கு பார்த்தாலும் பை. அந்த வீட்டுக்குள் போக நான் ஒற்றைக்காலில் தாண்டவம் ஆட வேண்டியிருந்தது.

ஒன்றும் முளைக்கவில்லை. முந்நூறில் ஒன்று தலைகாட்டினால்கூடக் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் இல்லை. தோண்டிப் பார்த்தால் ஓட்டுக்குள் கறுத்துப்போன மாவு இருந்தது.

அக்காவின் கடைக்குத் தன் அப்பாவுக்குப் பொடி வாங்க வருகிற சௌம்யா என்ற பெண், மர விதைகளைச் சோதிக்கிற ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வாயில் கன்னடம்தான் முதலில் வரும். அக்கா நடந்ததைச் சொன்னதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ ஆண்ட்டி, நாவலைப் போய் யாராவது காயவெப்பாங்களா? புளி, தேக்கு, வாகை எல்லாம் நீங்க சொல்ற மாதிரிதான். நல்லா காயவெச்சு, கூலா வெச்சா வருஷக்கணக்குல உயிரோட தூங்கும். நாவலும் பலாவும் மாங்கொட்டையும் வேற ஜாதி. மரத்துலேர்ந்து விழறப்பவே முளைக்க ரெடியா விழும். உடம்புல பாதிக்குப் பாதி தண்ணி. அந்தத் தண்ணி எறங்கிடுச்சுன்னா அஷ்டே, முடிஞ்சுது."

"அப்ப வேப்பங்கொட்டை?"

"அது ரெண்டுங்கெட்டான். நெழல்ல கொஞ்சம் காஞ்சா தாங்கும். ஆனா ரொம்ப நாள் தாங்காது."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சௌம்யா போன பிறகு அவள் ஒரு பிடி நாவற்கொட்டையைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"பொடிக்குக் காயோணும், வெதைக்குக் காயக்கூடாது. ஒரே கொட்டைக்கு ரெண்டு ஞாயமா சுப்பையா?"

"உனக்கும் எனக்கும் ஒரே நியாயமாக்கா இருக்கு?" என்றேன். சுக்குக் கட்டி ஒன்று பறந்து வந்தது.

ஆடி பிறந்தது. பழம் இன்னும் வந்துகொண்டிருந்தது. இந்த முறை அக்கா கொட்டைகளைக் கழுவிய ஈரத்தோடு எடுத்து வைத்தாள். ஆனால் மழை பிடித்துக்கொண்டதில் செம்மண் லாரி வரவில்லை. பழைய பைகளில் இருந்த மண் பூசணம் பிடித்துக் கிடந்தது. விதையை எங்கே வைப்பது? இங்கேதான் கரியப்பன் மாமா தன் மூளையைச் செலவழித்தார்.

"ஏம்புள்ள, இதுக்குப் போயி ரோசனை பண்றியே. பிரிஜ்ஜுல வையி. தோசைமாவு கெடறதில்ல, பூவு வாடறதில்ல. கொட்டைக்கு என்ன கேடு?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் குளிர்ப்பெட்டி வந்த நாளிலிருந்து அதில் வைத்தால் எதுவும் கெடாது என்பது வேதவாக்கு. கறிவேப்பிலை, பாதி வெட்டிய தேங்காய், அமாவாசைக்கு வாங்கிய வெற்றிலை, மாமாவின் கண்சொட்டு மருந்து எல்லாம் அதற்குள் வாழ்ந்தன. பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நாவற்கொட்டைகளும் குடியேறின. மண் வந்து சேரும்வரை அங்கேயே இருந்தன.

ஊன்றினார்கள். காத்திருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு முளைகள் வந்து, அவையும் நோஞ்சானாகச் சாய்ந்தன. சௌம்யாவுக்குப் போன் போட்டால், "குளிர் பட்டாலும் அது செத்துடும் ஆண்ட்டி! அதுக்கு மூச்சும் வேணும், பையைக் கட்டவே கூடாது," என்றாள். நமக்குப் போர்வை வேண்டாம், மின்விசிறியும் வேண்டாம் என்று எந்த இடத்தில் தோன்றுகிறதோ, அந்த இடம்தான் நாவலுக்குச் சரியாம். இதை முன்னமே கேட்டிருக்கலாம். ஆனால் குளிர்ப்பெட்டியைப் பற்றி யாராவது போய்ச் சந்தேகம் கேட்பார்களா?

மாமா இரண்டு நாள் வீட்டில் சத்தமாகத் தும்மக்கூடப் பயந்தார். இதற்கிடையே கெம்பம்மா, நஞ்சன்கூடு சாலையில் நாற்றங்கால் வைத்திருக்கிற ஒருவர் ஷெட்டைக் கேட்டு வந்ததாகச் சொல்லி அனுப்பினார். அதில் மிரட்டல் எதுவும் இல்லை, உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் அது மிரட்டலாகப் பட்டது. பழமும் ஓய்ந்துவிட்டது. மார்க்கெட்டில் நாவல் கூடை கூடையாக வந்த இடத்தில் அத்திப்பழம் உட்கார்ந்திருந்தது.

"விடுக்கா," என்றேன். "வேற ஏதாச்சும் பாத்துக்கலாம். என் புதுக் கடையில ஒரு ஓரமா பலகை போட்டுக்கோ."

"உன்ற ஈரத்துல என்ற சரக்கு வெக்கறதுக்கு நான் ஊருக்கே போயிருவேன்," என்றாள். குரல் உடைந்திருந்தது.

மறுநாள் காலை கடையின் பின்புறம் கரும்புச் சக்கையை வாரிக்கொண்டிருந்தேன். குப்பை வண்டிக்காரன் வாரக்கணக்கில் மட்டம் போட்டிருந்தான். அவனை நான் திட்டாத திட்டு இல்லை. மேலே மழைத் தூறல், சுவரோரம் நிழல், அடியில் நைந்துபோன சக்கை. முள்வாரியைப் போட்டு இழுத்தால் அதற்குள்ளிருந்து பச்சையும் சிவப்புமாகத் தளிர்கள் எட்டிப் பார்த்தன. எல்லாம் நாவல். கடைசியாக ஜூஸ் போட்ட பழத்தின் கொட்டைகளை அக்காவுக்குக் கொடுக்காமல் சோம்பலில் சக்கையோடு சேர்த்து எறிந்திருந்தேன்.

நான் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. அக்கா வந்து குந்தி உட்கார்ந்து சக்கையைக் கையால் விலக்கிப் பார்த்தாள். அள்ளிப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டவில்லை, கை மட்டும் நனைந்தது. உள்ளே விரலை விட்டுச் சூடு பார்த்தாள். சூடும் இல்லை, சில்லென்றும் இல்லை.

"பொத்திப் பொத்தி வெச்சதெல்லாம் செத்துப்போச்சு. நீ குப்பையில போட்டது மொளைச்சு நிக்குது. உனக்கு வந்த வாழ்வைப் பாரு சுப்பையா!" என்று சொல்லிவிட்டு அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். வழி தெரிந்துவிட்டது. ஆனால் முளைத்திருந்தது ஒரு முறத்துக்குக்கூடக் காணாது. விதைக்கு எங்கே போவது?

அப்போது கரியப்பன் மாமா வாயைத் திறந்தார். "அனூருக்கு மேலாண்டெ மலையோரம் ரெண்டு மூணு மரம் பிந்திக் காய்க்கும். நான் போய்ட்டு வர்றேன்." ஹனூரை அவர்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். தேய்ந்த முட்டியோடு அந்த மனிதர் பஸ் ஏறினார். மைத்துனனைக் கூட்டிக்கொண்டு மரம் மரமாக அலைந்து, பறவையும் குரங்கும் விட்டுவைத்ததைப் பொறுக்கி, ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையை இன்ஜின் மேல் வைக்கச் சொன்னாராம். அந்தப் பலகையில் கை வைத்துப் பார்த்து, சுட்டதும் மாமா முடியாது என்றாராம். சண்டை முற்றி, பஸ் கொள்ளேகால் வரும்வரை ஓயவில்லை. மாமா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டி நனைந்து ஒட்ட, ஜன்னல் காற்றில் அதைக் காட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

பஸ் நிலையத்தில் நானும் அக்காவும் காத்திருந்தோம். நனைந்த வேட்டியைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"குளுகுளுன்னு உசுரோட இருக்குதுங்க," என்றாள் மாமாவிடம். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட முதல் பாராட்டு அதுவாகத்தான் இருக்கும். மனுஷன் முகம் அப்படி மலர்ந்தது.

மாமா கொண்டுவந்ததைக் கழுவி, என் சக்கைக் குவியலில் கிடைத்ததையும் சேர்த்து எண்ணினோம். இருநூறுக்கும் குறைவு. எல்லாமே முளைத்தாலும் முந்நூறில் நூறாவது துண்டு விழும். அக்கா தென்னை நார்க் கழிவை நனைத்துப் பிழிந்து, வாயகன்ற மண்பானையில் ஒரு அடுக்கு நாரும் ஒரு அடுக்கு விதையுமாகப் போட்டாள். மேலே ஈரச் சாக்கு. வீட்டில் எந்த மூலை அதிகம் சுடாது, அதிகம் குளிராது என்று கையால் சுவரைத் தடவித் தடவிப் பார்த்து, குளியலறைக்கு வெளியே இருந்த மாடத்தில் வைத்தாள். தினமும் சாக்கை விலக்கிக் காற்றுக் காட்டினாள். அத்தனை வருடம் பல்லில் கடித்துப் பார்த்துப் பழகியவள், ஒரு விதையையும் வாய்க்குக் கொண்டு போகவில்லை.

ஒருநாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மாமா தெருவில் ஓடி வந்தார். அவர் ஓடிப் பல வருடம் ஆகியிருந்ததால் ஏதோ விபரீதம் என்று நுரை வாயோடு ஓடினேன். பானைக்கு முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். நாருக்குள்ளே வேர்கள் வெள்ளை வெளேரென்று பின்னிக் கிடந்தன.

"இங்க பாரு," என்றாள். ஒரு விதையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அதிலிருந்து மூன்று முளைகள் கிளம்பியிருந்தன. அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று, நாலாவதாக ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஒற்றை முளை விட்டவையும் இருந்தன. ஆனால் அவை குறைவு. சௌம்யாவைப் போனில் கூப்பிட்டோம்.

"ஹௌது ஆண்ட்டி, ஆமா, நாவல் அப்படித்தான்! ஒரு விதைக்குள்ள பல கரு இருக்கும். கொஞ்சம் பெருசானதும் பதமா பிரிச்சு நடுங்க. எல்லாமே தனித்தனி மரம்தான்!" அவளும் கத்தினாள், நாங்களும் கத்தினோம். பக்கத்து வீட்டார் யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டதாக நினைத்து விசாரிக்க வந்தார்கள்.

மண்ணில் ஊன்றி, இலை விரிந்த பின் அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டாள். வேர் அறுந்து சில போயின. இரண்டு இரவு மழையில் இன்னும் சில சாய்ந்தன. மீதி நின்றன. ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. நகரம் முழுக்க விளக்குத் தோரணம் கட்டுகிற சமயத்தில் எங்கள் தெருவில் நாவல் நாற்று இல்லாத வாசற்படி இல்லை.

சொன்ன நாளில் கெம்பம்மா வந்தார், சங்கத்து ஆட்கள் நாலு பேரோடு. நாற்றுகளை ஏரிக்கரை ஷெட்டின் முன்னால் வரிசையாக அடுக்கியிருந்தோம். அவர் ஒரு முனையிலிருந்து எண்ணத் தொடங்கினார். உதடு மட்டும் அசைந்தது. வாடிய ஒன்றைத் தள்ளி வைத்தார். முந்நூறைத் தாண்டியும் வரிசை போய்க்கொண்டே இருந்தது. அவர் நின்றார், திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"பாப்பம்மா, இருநூறு விதைகூடத் தேறவில்லை என்று கேள்விப்பட்டேனே?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"தேறலைங் மேடம்."

"மத்தே இது?" என்றார். அப்புறம் இது எப்படி என்று அர்த்தம்.

அக்கா பிரிக்காமல் விட்டிருந்த ஒரு பையைக் கையில் எடுத்தாள். மண்ணை விரலால் விலக்கினாள். ஒரே கொட்டையிலிருந்து மூன்று தண்டுகள் எழுந்து நின்றன. கெம்பம்மா பட்டுப்புடவை மண்ணில் புரளக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். நாட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை.

அவர் எழுந்து, கைப்பையிலிருந்து ஷெட் சாவியை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். "இன்னு நிம்மதே," என்றார். இனி உங்களுடையதுதான் என்று பொருள். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி என்றெல்லாம் கதை விட மாட்டேன், அழுதேன்.

அக்கா அழவில்லை. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்று வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருவது வருசமா ஒவ்வொண்ணையும் கடிச்சுக் கடிச்சுப் பாத்தேன் சுப்பையா, காஞ்சுதான்னு," என்றாள் மெதுவாக. "உள்ள எத்தனை பேரு இருக்காங்கன்னு ஒருக்காகூட நெனைக்கலியே."

பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டாள். அவளுடைய பழைய குரல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

"என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கறே? பையைத் தூக்கு. ஏனுங்க, நீங்களும் ஒரு கை புடிங்க. வெயில் ஏறுது, புள்ளைங்க வாடுது. எல்லாத்தையும் உள்ள கொண்டு வாங்க. இது நம்ம எடம்."